பதின்மூன்று பேர் கண்ட ஒரே கனவும் பிலோமினா மிசியும்

மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலும் கடல் கடந்த தேசங்களிலும் வாழும் பெருமக்களே, முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் இந்த மலரின் முன்னால் நின்று பயபக்தியோடு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. யாராவது நம்பிவிட்டால் அது என் எழுத்தின் குறை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓலைத்தொடுவாயில் என் வீட்டு வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. பிலோமினா மிசியின் தமக்கையின் மகள் றெஜினா.

"சந்தியோகு மாமா, சின்னம்மா விடியக் கண்ணை மூடிட்டா."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை மாமா. நான் பக்கத்தில நிண்டனான்."

"டொக்டர் வந்து பாத்தவரோ?"

"வந்து பாத்து எழுதியும் தந்திட்டார்."

"கையைப் பிடிச்சுப் பாத்தவரோ, இல்லாட்டி முகத்தை மட்டும் பாத்தவரோ?"

றெஜினா, "நீங்கள் சின்னம்மாவை இன்னும் நம்பேல்லை, என்ன மாமா," என்றாள்.

எப்படி நம்புவது? செத்தவர்போலப் படுத்துக்கொண்டு, யார் யார் வந்து எதை எதைச் சொல்லி அழுகிறார்கள், யார் அழாமல் நிற்கிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளக்கூடியவர் அவர். எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் ஒரு கிழமை, ஏழே நாள். அந்த ஒரு கிழமையும் அவர் முந்திப் பிறந்ததே என்னை உளவு பார்க்கத்தான் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரித் தாதியரை நாங்கள் மிசி என்றுதான் அழைப்போம். பிலோமினா மிசி கொழும்புப் பக்கத்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு, முப்பத்திநாலாவது வயதில் இடமாற்றம் வாங்கி மன்னாருக்கு வந்தார். உப்புக்குளத்தில் ஓர் அறை எடுத்து இருந்தார். விசராஸ்பத்திரி மிசி என்று ஊர் பெயர் வைத்தது. அங்கே வேலை செய்தவரா, அங்கே இருந்தவரா என்று சிலர் கேட்டார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாம் பேசி முடித்ததும் அவர் உடனே பேசமாட்டார். மூன்று மூச்சு விடும் நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த இடைவெளியைத் தாங்கமாட்டாமல் மனிதர்கள் கேளாததையெல்லாம் சொல்லிவிடுவார்கள். மீன் வியாபாரி ஒருவர் அந்த மூன்று மூச்சுக்குள், தன் மீன் முந்தநாள் பிடிபட்டது என்பதையும், கல்யாணத்துக்கு முன்னர் தான் இன்னொரு பெண்ணை விரும்பியதையும் ஒப்புக்கொண்டு, கூடையைப் போட்டுவிட்டுத் தலைமன்னார் வரைக்கும் ஓடினார். ரெயிலை முந்தி ஓடினார் என்பது என் கணக்கு.

அவர் வந்த வருடம் எங்கள் வேதக்கோயிலில் திருப்பாடுகளின் நாடகம் போட ஆள் இல்லை. பழக்குகிற அண்ணாவியார் கண் வருத்தம் என்று யாழ்ப்பாணம் போய்விட்டார். அவர் பழக்கும் முறையை எல்லோரும் அறிவோம். தாளம் போடுவார். பாட்டைச் சொல்லித் தருவார். கால் பிசகினால் பிரம்பால் காலில் போடுவார். நடிக்கிறவனுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் விசாரித்ததில்லை. பங்குச்சுவாமிக்கு யார் என்ன சொன்னார்களோ, நாடகத்தை மிசியின் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் ஞாயிறு, பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் பதின்மூன்று பேர் வரிசையாக இருந்தோம். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கும் கர்த்தருக்கும் ஆள். மிசி பிரம்பு கொண்டுவரவில்லை. பாட்டுக் கொப்பியும் இல்லை. ஒரு வெறும் கதிரையை, ஆளில்லாத நாற்காலியை, கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"நடிக்கிறதெண்டால் வேற ஆளாகிறதெண்டு நினைக்கிறீங்கள். அப்பிடி இல்லை. உங்களுக்குள்ள நீங்கள் ஒளிச்சு வைச்ச ஆளை வெளியில விடுறது."

வயதில் மூத்த அருளப்பண்ணை எழுந்து நின்றார். "மிசி, உள்ளுக்க வேற ஆள் இருந்தால் அது பேய். செபம் சொல்லி ஓட்டவேணும். வெளியில விட்டுக் கதிரையும் குடுத்து இருத்தேலாது."

மிசி சிரித்தார். "அண்ணை, பின்னேரம் கடலில வலையைக் கட்டிட்டு வந்து படுக்கிறீங்கள். நீங்கள் நித்திரை. வலையும் நித்திரையோ?"

"வலை ஏன் நித்திரை கொள்ளுது. அது பிடிக்கும்."

"மனமும் அப்பிடித்தான். நீங்கள் படுத்தாப் பிறகும் அது ஆழத்தில கிடந்து பிடிக்குது. பிடிச்சதுதான் கனவு. அடுத்த ஞாயிறு எல்லாரும் ஆளுக்கொரு கனவு கொண்டாங்கோ. அதைக் கேட்டுத்தான் ஆருக்கு என்ன பாத்திரம் எண்டு பிரிப்பன்."

உவமை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கடற்கரை மனிதரை அறியவில்லை. விடிய வலையில் என்ன கிடந்தது, எந்த இடத்தில் கிடந்தது என்று நாங்கள் கூடப்பிறந்தவனுக்கே சொல்லமாட்டோம். முந்தநாள் வந்த மிசிக்குச் சொல்வோமா?

இன்னொன்றும் இருந்தது. அந்த நாளில் அக்கரை இந்தியாவிலிருந்து உடுக்கும் சாரமும் சேலையும் தீர்வை கட்டாமல் தாமாகவே நீந்தி எங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றைத் தேடிக் கஸ்டம்ஸ்காரரும் வந்துகொண்டிருந்தார்கள். புதிதாக ஒருவர் கொப்பியும் பேனையுமாக வந்து, நீ நித்திரையில் என்ன கண்டாய் என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? முழித்திருக்கும்போது சொல்லாததை நித்திரைக்குள்ளால் எடுக்கப் பார்க்கிறார் என்பதுதான். இவர் கஸ்டம்ஸ் ஆள் என்று நான் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

எனக்கு மற்றவர்களைவிடப் பயம் அதிகம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நானும் வஸ்தியானும் ஒரே வள்ளத்தின் பங்காளிகள். ஆளுக்குப் பாதி. மிசி வருவதற்கு முந்தின வருடம், எனக்குக் காய்ச்சல் என்று படுத்திருந்த ஒரு நாள், வஸ்தியான் தனியே சேலைப் பொதிகளோடு கரை தொட்டபோது பிடிபட்டான். காலையில் நான் கரைக்கு வந்தால் ஜீப் நிற்கிறது. ஜீப்புக்குள் நாற்பது பேர். ஒவ்வொருவரும் பனை உயரம். ஆளுக்கு இரண்டு துவக்கு. பெரியவர் துவக்குக் குழலை என் நெஞ்சில் வைத்து, "இவனைத் தெரியுமா," என்று அதட்டினார். அந்த அதட்டலில் கடல் அரை மைல் பின்வாங்கி, மீன்கள் சேற்றில் துள்ளின. விலங்கு போட்ட கையோடு வஸ்தியான் என்னைப் பார்த்தான். நான் தெரியாது என்றேன்.

அவனுக்கு ஆறு மாதம் மறியல் சிறை. அவர்களைத் தவிரக் கரையில் வேறு ஒருவரும் இல்லாதபடியால் நான் சொன்னது ஊருக்குத் தெரியாது. வெளியே வந்த பிறகு வஸ்தியானும் யாரிடமும் சொல்லவில்லை. என்னோடு பேசவும் இல்லை. ஊர் கேட்டபோது, ஒரு வலைத் தகராறு என்று நானே சொல்லிவைத்தேன்.

இப்போது இந்த மிசி கனவு கேட்டு அதைக் கண்டுபிடித்தால் எனக்கு யூதாஸ் பாத்திரம்தான். எங்கள் பக்கத்தில் யூதாஸாக நடித்தவனுக்குச் சாகும்வரை அதுதான் பெயர். அவன் பிள்ளை யூதாஸின் பிள்ளை. அவன் ஆடு யூதாஸின் ஆடு. எங்கள் குடும்பத்திலோ தலைமுறையாக இராயப்பர் பாத்திரம், பேதுரு என்பார்களே, அவர்தான். என் தகப்பன் இராயப்பராக நடித்து, காவலனின் காதை வெட்ட வாளை உருவினால், முன்வரிசையில் இருப்பவர்கள் தங்கள் காதுகளைப் பொத்திக்கொள்வார்கள்.

ஆகவே கரையில் என் மீன்வாடியில் மற்றப் பன்னிரண்டு பேரையும் கூட்டினேன். "பொலிசில வாக்குமூலம் குடுக்கிறமாதிரித்தான்," என்றேன். "எல்லாரும் ஒரே கதையைச் சொன்னால் ஒருத்தரையும் பிடிக்கேலாது. ஒரே கனவைச் சொல்லுவம். கனவை நான் கட்டித் தாறன்."

கட்டியும் கொடுத்தேன். காற்றில்லாமல் ஒரு வள்ளம் தானாகக் கரைக்கு வருகிறது. அதில் வெள்ளை உடுப்போடு ஒருவர் நிற்கிறார். கரையில் நிற்கிற நாங்கள் முழங்காலில் விழுந்து கும்பிடுகிறோம். சுவாமிமாரும் குறை சொல்லமுடியாத கனவு. எல்லோரும் இரண்டு தரம் சொல்லிப் பாடமாக்கினார்கள். வஸ்தியான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லச் சொன்னால் சொல்லுறன்," என்றான். கூரைக்குத்தான் சொன்னான்.

அடுத்த ஞாயிறு மிசி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். கொப்பியில் எழுதினார். கடைசி ஆளும் சொல்லி முடித்த பிறகு எங்களை இருத்தி, கொப்பியை மூடிவைத்தார்.

"பதின்மூண்டு பேருக்கும் ஒரே கனவு. பூலோகத்தில எங்கயும் நடக்காத அதிசயம். சுவாமியிட்டச் சொல்லி ரோமாபுரிக்கு எழுதுவிப்பமோ?"

மூன்று மூச்சு போனது.

"ஆனால் ஒருத்தரைத் தவிர மற்ற ஆரும் ஒரே மாதிரிச் சொல்லேல்லை," என்றார்.

உண்மைதான். பாவிகள் என் கனவைக் கெடுத்துவிட்டார்கள். ஒருவனின் வள்ளத்தில் வெள்ளை உடுப்புக்காரருக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நின்றதாம். இன்னொருவனின் வள்ளத்தில் மாமியார் இருந்தாவாம், இறங்கமாட்டேன் என்று பிடிவாதமாம். மற்றொருவன் தன் வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டிவிட்டான். கட்டின பொய்யைக் கூடக் கட்டினபடி சொல்லத் தெரியாத ஊர்.

ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னவர் அருளப்பண்ணை. அவருக்கு யூதாஸ் என்றார் மிசி. மண்டபமே அதிர்ந்துபோனது.

"மிசி, நான் என்ன பிழை விட்டனான்?" அருளப்பண்ணை மறுபடி எழுந்தார்.

"ஒரு பிழையும் இல்லை அண்ணை. கூட்டாளிமாருக்குக் குடுத்த சொல்லை நீங்கள் ஒரு ஆள்தான் அப்பிடியே காப்பாத்தினீங்கள். ஊர் முழுக்க நம்புற ஆள் காட்டிக்குடுத்தாத்தான் பாக்கிறவைக்கு நெஞ்சு நோகும். நம்பாத ஆள் காட்டிக்குடுத்தால் அதில என்ன நாடகம்?"

அருளப்பண்ணை யோசித்துவிட்டுத் தன் இடத்தில் இருந்தார். அந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் யூதாஸ் என்பது நம்பிக்கையான ஆளுக்குப் பெயராயிற்று. கடிதம் எழுதத் தெரியாதவர்கள் யூதாஸண்ணையிடம்தான் எழுதுவிப்பார்கள்.

வஸ்தியானுக்குக் கர்த்தர் பாத்திரம். எனக்கு இராயப்பர். தப்பினேன் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். மிசி பின்னால் வந்தார்.

"சந்தியோகு, உங்கட வள்ளத்தில ஆளைக் காணேல்லை."

"எந்த ஆள்?"

"வெள்ளை உடுப்பு. எல்லாற்ற வள்ளத்திலயும் நிண்டவர். உங்கட வள்ளம் வெறுமையா வந்தது."

"மறந்திட்டன் மிசி."

"கனவைக் கட்டினது ஆர்?"

மூச்சு மூன்று. "நான்தான்," என்று என் வாய் சொல்லிவிட்டது.

"கட்டினவரே மறந்தவரோ?" அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வஸ்தியானும் ஒண்டை மாத்திச் சொன்னவர். அவற்ற வள்ளம் கரைக்கு வரேக்க ஒருத்தரும் கும்பிடேல்லையாம். உது ஆரெண்டு கேட்டவையாம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே கனவை இரண்டு பக்கத்தில நிண்டு சொல்லியிருக்கிறீங்கள்."

"நாங்கள் சொன்னது பொய்க்கனவு. அதில என்ன இருக்கு?"

"பொய்யெண்டாலும் உங்கட வயித்தில இருந்துதானே வந்தது. பக்கத்து வீட்டில கடன் வாங்கேல்லையே," என்றார்.

யாரோ அவருக்கு ஜீப் கதையைச் சொல்லிவிட்டார்கள் என்று நான் முடிவுகட்டினேன். ஆழ்மனமாவது வலையாவது. மனதைக் கொப்பியால் திறக்கமுடியுமென்றால் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு என்ன வேலை? சொன்னது யார் என்று அடுத்த ஆறு கிழமையும் தேடினேன். பாய்வள்ளங்களை விசாரித்தேன். கழுதைகளை விசாரித்தேன். மன்னார்க் கழுதைகள் ஒன்றும் சொல்லவில்லை.

நாடகப் பழக்கம் நடந்தது. மிசி ஒவ்வொருவரையும் அந்த வெறுங்கதிரைக்கு முன்னால் நிறுத்தினார். கதிரையில் தன் பாத்திரம் இருக்கிறதாக நினைத்து அதனோடு பேசவேண்டும். பிறகு கதிரையில் ஏறி இருந்து பாத்திரமாகப் பதில் சொல்லவேண்டும். அருளப்பண்ணை யூதாஸோடு ஒரு மணித்தியாலம் வாதாடினார். கடைசியில் கதிரைக்கே வெட்கம் வந்து கதவுப் பக்கம் நகர்ந்தது. என் முறை வந்தபோது இராயப்பரைப் பார்த்து, "சுகமாயிருக்கிறீரோ," என்றேன். "இருக்கிறன்," என்று நானே பதில் சொன்னேன். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. மிசி அதையும் எழுதிக்கொண்டார்.

குருத்தோலை ஞாயிறு, வெயில் தாழ்ந்த நேரம், நாடகம். மன்னார் முழுவதும் வந்திருந்தது. இராமேஸ்வரத்தில் பாதிப்பேர் அக்கரையில் மணல்மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். நெருப்புக் காய்கிற இடத்தில் நான் நிற்கிறேன். வேலைக்காரி வந்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்கிறாள். வேதத்தில் உள்ளபடி, அந்த மனுஷனை அறியேன் என்று பாடுகிறேன். இரண்டாம் தரமும் கேட்கிறார்கள். அறியேன். மூன்றாம் தரம் கேட்கும்போது விலங்கு போட்ட கையோடு வஸ்தியானைக் கொண்டுபோகிறார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் பாடவில்லை. முன்னால் வந்து, கை இரண்டையும் விரித்து, "தெரியும்," என்றேன். "எனக்கு இவரைத் தெரியும். ஒரே வள்ளத்தில தொழில் செய்தனாங்கள்."

வேதம் நின்றுபோனது. மூன்றாம் மறுப்புக்குக் கூவவென்று மேடைக்குக் கீழே கட்டியிருந்த சேவல் கூவுவதா விடுவதா என்று தெரியாமல் பங்குச்சுவாமியின் முகத்தைப் பார்த்தது. சனம் ஓவென்று அழுத கண்ணீரில் முன்வரிசைக் கதிரைகள் மிதந்தன. வஸ்தியான் விலங்கை அறுத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அந்த வருடம் கர்த்தரைச் சிலுவையில் அறைய ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு சண்டைக் காலம் வந்தது. ஊர் பெயர்ந்து, உயிலங்குளத்தில் வயல் ஓரமாகக் கொட்டில் போட்டு இருந்தோம். மிசி அங்கேயும் வந்தார். அங்கேயும் ஒரு கதிரையை வைத்தார். பிள்ளையை, புருஷனைத் தொலைத்தவர்கள் ஒவ்வொருவராக அதற்கு முன்னால் இருந்து பேசினார்கள். இவர் இப்போது யாருக்கு வேலை செய்கிறார் என்று எனக்கு மறுபடி சந்தேகம். எனக்கு மட்டுமில்லை. ஒரு நாள் ஆமிக்காரன் ஒருவன் வந்து, கதிரையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்து, இது யாருக்கு என்று அரைத்தமிழில் கேட்டான்.

"வராத ஆளுக்கு," என்றார் மிசி.

அவன் கதிரையை நிமிர்த்தி வைத்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனான். இதை நான் பெருப்பித்துச் சொல்லவில்லை. பெருப்பிக்க இடமில்லை.

போன மாதம் மிசியின் அடக்கத்துக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய், மூன்று மூச்சு விடும் நேரம் நின்று பார்த்தேன். மிசி ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிவந்து பின்வரிசை மரவாங்கில் உட்கார்ந்தேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு பக்கத்தில் வந்து இருந்தவன் வஸ்தியான். இரண்டு பேருக்கும் இப்போது நரைத்துவிட்டது. அவனுக்குக் காதும் மந்தம்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டோ," என்றேன். "அந்த ஜீப் கதையை மிசிக்குச் சொன்னது நீதானே?"

"நான் ஆரிட்டயும் சொல்லேல்லை."

"அப்ப அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீதான் சொன்னனீ. கனவில என்னை இறக்கிவிட்டிட்டு வெறும் வள்ளத்தைக் கொண்டுவந்தனியே." பெட்டியைப் பார்த்தபடியே பேசினான். "மலருக்கு நீ எழுதப்போறியாம். றெஜினா சொன்னவள்."

"ஓம். கேட்டவள்."

"எழுது. நல்லாப் புளுகி எழுது. மேடையில நீ தெரியுமெண்டு கத்தினதையும், நான் உன்னைக் கட்டிப்பிடிச்சதையும் எழுது. நாடகம் பாக்காத சனத்துக்கு நாப்பது வருஷமா நீ சொல்லுற கதைதானே."

"உண்மையை எழுதினாலோ?"

"உனக்கு ஏலாது சந்தியோகு," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

ஆகவே பெருமக்களே, மேலே உள்ளவற்றில் வேண்டிய மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். மேடையில் நான் தெரியும் என்று சொல்லவில்லை. மூன்றாம் தரமும் சுருதி பிசகாமல், அந்த மனுஷனை அறியேன் என்றே பாடினேன். வஸ்தியான் பார்த்துவிட்டுப் போனான். சேவல் நேரத்துக்குக் கூவிற்று. சனம் கைதட்டிற்று. என் தகப்பனைவிடத் திறம் என்றார்கள். மிசி என்னிடம் வந்து, "நல்லாப் பாடினீங்கள்," என்று மட்டும் சொன்னார். உயிலங்குளத்தில் ஒரு நாள், எனக்கும் கதிரை வேண்டுமோ என்று கேட்டார். எனக்கு யாரும் தொலையவில்லை என்றேன். "ஓம். உங்கட ஆள் நாலு கொட்டில் தள்ளித்தான் இருக்கிறார். கதிரை தேவையில்லை. எழும்பிப் போனாச் சரி," என்றார். நான் எழும்பிப் போகவில்லை.

உண்மையான துண்டு இன்னும் ஒன்றுதான் மிச்சம், அதுவும் சின்னது. ஜீப்பில் நாற்பது பேர் இல்லை. ஒருவர்தான். வயதானவர். துவக்கும் இல்லை. வெயிலில் களைத்துப்போய், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமோ என்று முதலில் கேட்டார். எடுத்துக்கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "தம்பி, இவரை உங்களுக்குத் தெரியுமோ," என்று மரியாதையாகத்தான் கேட்டார். தெரியாது என்றேன். பாத்திரத்தில் இன்னும் தண்ணீர் இருந்தது. வஸ்தியான் அதைப் பார்த்தான். தெரியாத ஆளுக்கு எப்படிக் கொடுப்பது? மிச்சத்தை மணலில் ஊற்றினேன்.

போய்வாருங்கள் பிலோமினா மிசி. உங்களை நான் கடைசிவரை நம்பவில்லை. ஆனாலும் நீங்கள் காத்திருந்த சொல்லை இந்த மலரில் அச்சில் போடுகிறேன், ஊர் வாசிக்கட்டும்: வஸ்தியானை எனக்குத் தெரியும். அந்த வள்ளத்தில் பாதி என்னுடையது.